நாணயம் ஒண்ணு, கஜானா பல

கேள்வி: யூரோ நாடுகளுக்கெல்லாம் ஒரே காசு, வட்டியை முடிவு பண்றதும் ஒரே பேங்க். ஆனா வரி, செலவு எல்லாம் அந்தந்த அரசாங்கம். ரெண்டும் முட்டிக்காதா?

பதில்: முட்டிக்கும், நல்லாவே முட்டிக்கிச்சு. இதுக்கு எல்லாரும் கிரீஸைத்தான் சொல்வாங்க, கணக்கை மறைச்சாங்க, கண்டபடி கடன் வாங்கினாங்கன்னு. அது உண்மைதான், ஆனா விஷயம் புரியணும்னா ஸ்பெயினைப் பாருங்க. 2007ல அவங்க அரசாங்கக் கடன் ஜிடிபில (நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்புல) 40 சதவீதம்கூட இல்ல, யூரோ விதிப்படி 60 வரைக்கும் போகலாம், பட்ஜெட்லயும் உபரிதான். அப்புறம் ஏன் மாட்டினாங்க? ஜெர்மனி மந்தமா கிடந்த நேரம், 2003ல ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை 2 சதவீதத்துக்கு இறக்குச்சு, அதே வட்டிதான் ஸ்பெயினுக்கும். அங்க விலைவாசி அதைவிட வேகமா ஏறிட்டிருந்ததால கடன் வாங்கறவங்களுக்கு வட்டியே இல்லாத மாதிரிதான், வீடு வீடா கட்டித் தள்ளிட்டாங்க. சொந்தக் காசு இருந்திருந்தா வட்டியை ஏத்தி அடக்கியிருக்கலாம். அது கையில இல்லாதப்ப வரியை ஏத்தணும், செலவை வெட்டணும், ஏற்கெனவே உபரில இருக்கற அரசாங்கம் அப்படிப் பண்ணா எந்த ஜனங்க ஒத்துப்பாங்க சொல்லுங்க?

வீட்டு விலை சரிஞ்சதும் வரி வருமானம் போச்சு, வேலையில்லாதவங்களுக்குக் கொடுக்கற பணம் ஏறுச்சு, பேங்குகளையும் தூக்கி நிறுத்த வேண்டியதாச்சு, 2012 ஜூலைல அரசாங்கத்தோட 10 வருஷக் கடனுக்கு வட்டி 7 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. பிரிட்டனுக்கும் அப்ப ஜிடிபியோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட ஸ்பெயின் அளவு கடன்தான், ஆனா வட்டி 2 சதவீதம்கூட இல்ல, ஏன்னா அவங்க கடன் அவங்களே அச்சடிக்கற பவுண்டுல. அந்த ஜூலை 26ஆம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கியோட அப்போதைய தலைவர் மரியோ டிராகி, யூரோவைக் காப்பாத்த என்ன வேணும்னாலும் செய்வோம்னு சொன்னார், செப்டம்பர்ல அரசாங்கங்களோட கடன் பத்திரத்தை அந்த வங்கியே வாங்கற திட்டமும் வந்துச்சு. அந்தத் திட்டத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு யூரோவுக்குக்கூட பத்திரம் வாங்கல, ஆனாலும் வட்டி மடமடன்னு இறங்கிடுச்சு!

அதே வங்கி கையை இறுக்கினா என்ன ஆகும்ங்கறதை 2015ல கிரீஸ் பார்த்துச்சு. கடன் பேச்சு முறிஞ்சு, பேங்குகளுக்கான அவசரக் கடனை ஏத்த மாட்டோம்னு சொன்னதும் பேங்கெல்லாம் மூடியாச்சு, ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோ, கார்டு இல்லாத பென்ஷன்காரங்க விடிகாலைலயே பேங்க் வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க. இதுக்காகத்தான் பொதுவா ஒரு கஜானாவும் வேணும்னு நான் அடிச்சு சொல்றேன். 2020ல கொரோனாவுக்காக ஐரோப்பிய யூனியன் நாடுகள் 750 பில்லியன் யூரோவுக்கு சேர்ந்து கடன் வாங்க ஒத்துக்கிட்டாங்க, அதையும் இந்த ஒரு தடவைதான்னு சொல்லித்தான் செஞ்சாங்க.