வசந்தம் வந்தால் கல்லா காலியாகிறது: தோட்டச் செலவை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: சிறிய கடை ஒன்றை நானே நடத்துகிறேன். தையல் நூல், பொத்தான், சரிகை, அன்பளிப்புப் பொருட்கள் வியாபாரம். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை, அது முழுக்கத் தோட்டத்தில்தான் போகும். குளிர் விட்டு வசந்தம் தொடங்கியதும் விதை, நாற்று, தொட்டி, மண் என்று வாங்கிவிடுவேன். வீட்டுக்குப் புதுத் திரை தைப்பேன், அலமாரிக்கு வண்ணம் அடிப்பேன். எல்லாம் சின்னச் சின்னச் செலவுதான் என்பதால் கடை மூடும்போது கல்லாவிலிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த ஆண்டு கோடைக்கான சரக்குக்குப் பணம் போதாமல் கடன் அட்டையில் வாங்க வேண்டியதாகிவிட்டது. “இவ்வளவு போட்டாயே, அந்தத் தோட்டத்தில் என்ன விளைந்தது?” என்று கேட்கிறார் கணவர். இதற்கு நடுவில் பலகை அடைத்த மேட்டுப்பாத்தி ஒன்று போடவும் ஆசை. நாற்றுகளைக் கடையிலேயே விற்று ஈடுகட்டலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்: விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது தோட்டம் அல்ல, “கல்லாவிலிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கம்” என்ற வரிதான். அதைச் சரிசெய்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

மாலையில் கல்லாவில் இருக்கும் பணத்தில் எவ்வளவு உங்களுடையது? ஒரு பேச்சுக்கு, 100-க்கு விற்கும் பொருளில் உங்களுக்கு நிற்பது 20 என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 அடுத்த கொள்முதலுக்குப் போக வேண்டிய பணம். அந்த 20-லிருந்தும் வாடகை, மின்சாரம், வரி எல்லாம் கழிய வேண்டும். நாற்று வாங்க நீங்கள் 100 எடுத்தால், அதை ஈடுகட்ட இன்னும் 500-க்கு விற்றாக வேண்டும், அதுவும் வாடகையைக் கணக்கில் சேர்க்காமல். கல்லாவைத் திறக்கும்போது கண்ணில் படுவது விற்பனை. அது லாபம் போலத் தெரிவதுதான் சிறு கடைக்காரர்கள் பலரின் சிக்கல்.

உங்கள் விஷயத்தில் காலமும் சேர்ந்து படுத்துகிறது. கோடைச் சரக்குக்கு முன்பணம் கட்ட வேண்டியதும், தோட்டத்துக்கு வாங்க வேண்டியதும் அதே வசந்தத்தில்தான் வருகின்றன. ஆண்டு முழுவதும் பரவலாகச் செலவானால் கடை தாங்கும் தொகைதான், ஆறேழு வாரத்தில் மொத்தமாகப் போவதால் கைமுதலைக் கடித்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்வது. கடந்த 12 மாதக் கணக்கை எடுங்கள். கொள்முதல், வாடகை, வரிக்கு ஒதுக்கியது எல்லாம் போக ஒவ்வொரு மாதமும் என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். அதில் மிக மோசமான மூன்று மாதங்களின் சராசரியைப் பாருங்கள், அதற்குள் அடங்குவதுபோல் சம்பளத்தை வையுங்கள். நல்ல மாதத்தைப் பார்த்துச் சம்பளம் வைத்தால் மந்தமான மாதத்தில் மறுபடி கல்லாவில் கை வைக்க நேரும். மாதத்தில் ஒரே தேதியில் கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அந்தத் தொகை போகட்டும், அதற்கு மேல் ஒரு காசு எடுக்க வேண்டாம். நல்ல மாதங்களில் மிஞ்சுவது கடையிலேயே தங்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, இருப்பு தாராளமாக இருந்தால் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தனி உரிமையாளர் தனக்காக எடுக்கும் பணம் பெரும்பாலான நாடுகளில் கடைச் செலவாகக் கருதப்படுவதில்லை. சம்பளம் என்று நாம் பெயர் வைத்தாலும் கணக்கில் அது எடுப்புதான், அதைக் கழிக்காமல் லாபம் முழுவதற்கும் வரி உண்டு. அதேபோல், ஒரே பில்லில் இரண்டு தொட்டி வாங்கி, ஒன்றைக் கடை வாசலிலும் மற்றதைப் பின்கட்டிலும் வைத்தீர்கள் என்றால், வாசல் தொட்டி கடைச் செலவு, பின்கட்டுத் தொட்டி உங்கள் சொந்தச் செலவு. இரண்டையும் தனித்தனி பில்லாக வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து கடன் அட்டை. மாதம் 2 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. கட்டாமல் விட்டால் 12 மாதத்தில் அது சுமார் 26.8 சதவீதமாக ஏறி நிற்கும். 20 சதவீத லாபத்தில் விற்கும் சரக்கை அந்தக் கடனில் வாங்கி, அது ஓராண்டு அலமாரியில் கிடந்தால் விற்றும் நஷ்டம்தான். எனவே இந்தப் பருவத்தில் வரும் உபரி முழுவதும் அட்டைக் கடனுக்கே போகட்டும். மேட்டுப்பாத்தி அதற்கு அப்புறம்.

அட்டைக் கடன் முடிந்ததும் இரண்டு கையிருப்பு சேருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு 3 முதல் 6 மாத வீட்டுச் செலவு போதும் என்பார்கள். வருமானம் ஏறி இறங்கும் கடைக்காரருக்கு 6 மாதத்துக்குக் குறைவாக நான் சொல்ல மாட்டேன். இதோடு கடைக்கென்று இரண்டு மூன்று மாத வாடகை தனியாக இருக்கட்டும். ஒரே மூச்சில் சேர்க்க வேண்டியதில்லை.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். வீட்டுக் கணக்குக்கு வந்த சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள், அதற்குத் ‘தோட்டமும் வீடும்’ என்று பெயர் வையுங்கள். பணத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அதை வேறு எதற்கும் எடுக்க மனம் தயங்கும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2017-ல் பெற்ற ரிச்சர்ட் தாலர் இந்த மனக்கணக்கை விரிவாக ஆராய்ந்தவர். சென்ற ஆண்டு தோட்டத்துக்கும் திரைக்கும் எவ்வளவு ஆனது என்று நேர்மையாகக் கூட்டி, 12-ஆல் வகுத்தால் மாதத் தொகை கிடைத்துவிடும். சம்பளத்தில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் அது நின்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கோடை முடிவில் தொடங்கினால் வசந்தத்துக்குள் ஆறேழு மாதப் பணம் சேர்ந்திருக்கும். அதை முழுவதும் செலவழியுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

அந்தப் பணம் எங்கே வீணாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் தோட்டக்காரர்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி அவசரத்தில் போவது. முதல் வெயில் அடித்ததும் நாற்று வாங்கி நட்டுவிடுகிறோம். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நாள் முழுக்கத் தக்காளி போன்றவை வளராமல் அப்படியே நிற்கும். உறைபனி ஒரே ஒரு இரவு வந்தாலும் போதும், காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். மறுபடி அதே நாற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கடைசி உறைபனி வழக்கமாக எப்போது முடியும் என்று பார்த்து, அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக ஜன்னல் ஓரத்தில் நீங்களே விதை போட்டால் ஒரு பொட்டலத்தின் விலையில் ஒரு தட்டு நாற்று வந்துவிடும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே வைத்து, மெல்ல மெல்லக் காற்றுக்குப் பழக்குங்கள்.

ஆண்டுதோறும் எல்லா விதையும் புதிதாக வாங்கவும் தேவையில்லை. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்த தக்காளி விதை நாலு வருடம் வரை முளைக்கும். வெங்காய விதைதான் ஒரு வருடத்திலேயே வலுவிழந்துவிடும். சந்தேகமாக இருந்தால் பழைய பொட்டலத்திலிருந்து 10 விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி, பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் எட்டு முளைத்தால் அந்தப் பொட்டலம் போதும். நாலுதான் முளைத்தது என்றால் இரட்டிப்பாக விதையுங்கள், அவ்வளவுதான்.

மேட்டுப்பாத்தியில் பலரும் பலகையின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். பணம் தின்பது உள்ளே போகும் மண். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 864 லிட்டர். 40 லிட்டர் மண்கலவை மூட்டையில் 22 வாங்க வேண்டும்! அடியில் நல்ல தரை இருந்தால் 15 சென்டிமீட்டர் உயரமே போதும், 11 மூட்டையில் முடிந்துவிடும். அகலத்தை மட்டும் 1.2 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். இந்த இலையுதிர்காலத்திலேயே சருகையும் சமையலறைக் கழிவையும் மக்க வைத்தால் அந்தப் பதினொன்றிலும் சில மூட்டை குறையும். ஒரு பாத்தியில் தொடங்குங்கள். ஒரு முழுப் பருவம் அதைக் களையெடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

திரை, மேசைவிரிப்பு விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: கடை அலமாரியிலிருந்து சரிகையோ நூலோ வீட்டுக்கு எடுத்தால் அதையும் கொள்முதல் விலையில் எடுப்பு என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் எடுக்கும் சரக்கு, ஆண்டு முடிவில் இருப்பு எண்ணும்போது காணாமல் போன சரக்காகத்தான் தெரியும்.

உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் வேண்டும். அவருடைய கவலை நியாயமானது, ஏனென்றால் கடைக்குக் கடன் வந்திருக்கிறது. ஆனால் “என்ன விளைந்தது” என்ற அளவுகோல் இதற்குப் பொருந்தாது. ஆறு நாள் வாடிக்கையாளர் முன் நின்றவர் ஏழாம் நாள் மண்ணைக் கிளறி, துவைத்த புதுத் திரையை மாட்டி, மாலையில் அதன் கீழே உட்கார்ந்திருப்பதற்கு விளைச்சல் கணக்குப் போட முடியாது. உங்கள் கடையில் ஓய்வு தேவைப்படும் ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் சோர்ந்துபோனால் மாற்று ஆளும் இல்லை. இந்தச் செலவை நான் மனதார ஆதரிப்பது அதனால்தான். சம்பளக் கணக்கையும் தோட்டக் கணக்கையும் அவரிடம் காட்டுங்கள். எல்லை தெரிந்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

நாற்று விற்பதைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மீந்த பத்துச் செடியை வாசலில் வைப்பது வேறு, நம்பி விற்பது வேறு. விற்பதென்றால் விதை, மண், தொட்டி, வாடிப்போனவை, உங்கள் நேரம் எல்லாம் விலையில் ஏற வேண்டும். சில நாடுகளில் செடி விற்க உரிமமோ பதிவோ வேண்டும். எல்லாவற்றையும்விட, உங்கள் ஒரு நாள் விடுமுறையும் வியாபாரத்துக்குள் போய்விடும். அட்டைக் கடன் தீர்ந்த பிறகும் ஆசை இருந்தால் அடுத்த வசந்தத்தில் ஒரே ஒரு தட்டு போட்டுப் பாருங்கள். விதையையும் மண்ணையும் கடைப் பணத்தில் வாங்கி, கடைக் கணக்கில் எழுதி, பருவ முடிவில் என்ன நின்றது என்று பாருங்கள். பொத்தான் விற்று வருவதைவிட அது குறைவாக இருந்தால், மீதி நாற்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் இருப்பதில் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.