கன்னக் கொழுப்பை எடுத்துடலாமா?

கேள்வி: எனக்கு 21 வயசு, கன்னம் உப்பி இருக்குன்னு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு பாக்குறேன், கிளினிக்ல ஒரு ரேட் சொல்றாங்க, நம்பலாமா? – வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கொஞ்சம் பொறும்மா. வாய்க்குள்ள, கன்னத்து உள்பக்கமா சின்னதா கீறி கொழுப்பை எடுப்பாங்க, வெளிய தழும்பு தெரியாது, ஆனா அங்கதான் எச்சில் குழாயும் முக நரம்போட கிளையும் ஓடுது, அதுல பட்டா சிரிப்பே கோணிக்கலாம். எடுத்த கொழுப்பு திரும்ப வராது, வயசாக ஆக முகம் தானா வத்தும், அப்ப கன்னம் ஒட்டிப்போய் தெரியும், அதனால 21 வயசுல அவசரமே வேணாம். சொன்ன ரேட்ல மயக்க மருந்து, தியேட்டர், டெஸ்ட், மாத்திரை எல்லாம் சேர்த்தியான்னு எழுதியே வாங்கிடு, வெறும் அழகுக்குப் பண்றதுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. எம்சிஎச்ங்கற மேல்படிப்புல பிளாஸ்டிக் சர்ஜரி படிச்ச டாக்டரான்னு பாரு, உங்க ஊர் ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரிலயே அந்தப் பிரிவு இருக்கு, முதல்ல அங்க காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கோ.