ஏணியும் அலமாரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினைந்து வயதில் தனக்கு எது வரும், எது வராது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. கணினி நிரல் எழுதுவதில் மூழ்கிக் கிடப்பவனை இழுத்து உட்காரவைத்து அரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? சதுரங்கத்திலும் இசையிலும் ஏழெட்டு வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் மேலே வருகிறார்கள். இங்கிலாந்தில் பதினாறு வயதுக்கு மேல் பெரும்பாலும் மூன்றே பாடங்கள். அங்கே அறிவு வற்றிவிட்டதா? பொதுக்கல்வி மூளையைக் கூர்தீட்டும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று நினைக்கிறேன். துறையைச் சீக்கிரமே தேர்ந்தெடுக்கப் பள்ளிகள் விட வேண்டாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூர்தீட்டுவது பற்றிச் சொன்னீர்களே, அதில் நான் உங்கள் பக்கம். 1901இல் தார்ண்டைக், வுட்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்குச் செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சி கொடுத்தார்கள். செவ்வகத்தில் தேறியவர்கள் வேறு வடிவங்களைக் காட்டியபோது அவ்வளவாகத் தேறவில்லை. 1973இல் சேஸ், சைமன் இருவரும் சதுரங்க வல்லுநர்களுக்கு ஒரு பலகையை ஐந்தே விநாடி காட்டி மூடினார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவில் வரும் நிலை என்றால் வல்லுநர்கள் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார்கள். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது புதியவர் அளவுக்குத்தான் நினைவு வந்தது. ஒரு பாடத்தில் போட்ட உழைப்பு தானாக இன்னொன்றுக்குப் போய்ச் சேராது. ஆகவே, மூளைக்கு உடற்பயிற்சி என்ற காரணத்தைச் சொல்லி எவரையும் எந்தப் பாடத்திலும் உட்காரவைக்க முடியாது.

ஆனால் இதே முடிவு உங்கள் வாதத்தையும் வெட்டும். ஒன்றில் ஆழப் போனவரின் ஆழமும் அங்கேயேதான் இருக்கும். பதினைந்தில் எடுத்த முடிவு இருபதில் தவறாகப் போனால் அந்த ஐந்து வருட உழைப்பில் கொஞ்சம்தான் கூட வரும். அதனால் எந்த வயதில் தேர்ந்தெடுக்கலாம் என்பதைவிட, கைவிட்ட பாடத்துக்குத் திரும்பி வர என்ன செலவாகும் என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் செலவு பாடத்துக்குப் பாடம் மாறும்.

சில பாடங்கள் ஏணி, சில பாடங்கள் அலமாரி. வரலாற்றையோ புவியியலையோ பொருளாதாரத்தையோ முப்பது வயதிலும் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நடுவிலிருந்து தொடங்கலாம். தடுமாறினாலும் ஏதோ கிடைக்கும். கணிதம் அப்படியில்லை. பின்னம் வராதவருக்கு இயற்கணிதம் வராது, இயற்கணிதம் கைப்பழக்கமாகாதவருக்குச் சார்பு புரியாது, அது புரியாமல் நுண்கணிதத்தைத் தொட முடியாது. நடுவில் இரண்டு படி இல்லையென்றால் மேலே இருப்பதெல்லாம் வெறும் குறிகள்.

கணிதம் வேண்டாம் என்று பதினைந்தில் விட்டுவிட்டு உயிரியலுக்குப் போன மாணவியை எடுத்துக்கொள்வோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா. ஒன்றிலிருந்து தொடங்கினால் ஏழு மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து 20,97,152 ஆகும். இதை அவர் 10 செ.மீ. உயரமுள்ள வரைபடத் தாளில் குறிக்கிறார். ஐந்தாவது மணியில் எண்ணிக்கை 32,768. தாளில் அதன் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், பென்சில் கோட்டோடு கோடாக ஒட்டிக் கிடக்கும். ‘முதல் ஐந்து மணி நேரம் வளர்ச்சி இல்லை, பிறகு திடீரென்று வெடித்தது’ என்று எழுதிவிடுவார். உண்மையில் தொடக்கம் முதல் கடைசிவரை வேகம் ஒன்றேதான். படிக்குப் படி பத்து மடங்காகும் மடக்கை அளவில் வரைந்தால் சாய்வான நேர்க்கோடு வரும், விஷயம் ஒரே பார்வையில் முடிந்துவிடும். அமிலத்தன்மையை மடக்கை அளவில் சொல்லும் பி.எச். எண் 5இலிருந்து 3க்கு இறங்கினால் ‘இரண்டு குறைந்தது’ என்பதும் இதே பிழை. அங்கே நடந்திருப்பது நூறு மடங்கு மாற்றம். இந்த மாணவிக்கு உயிரியல் ஆர்வம் குறைவில்லை. ஆர்வம் கொண்டுபோய்விட்ட இடத்தில் படி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்தது. பிரான்சில் 2019 முதல் மேல்நிலையில் அறிவியல், பொருளியல், இலக்கியம் என்ற பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு, மாணவர்களே மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுத்துக் கடைசி ஆண்டில் இரண்டை மட்டும் தொடரும்படி மாற்றினார்கள். தேர்வுச் சுதந்திரம் என்ற அளவில் நல்ல திட்டம். ஆனால் எல்லோருக்குமான பொதுப் பாடத்திலிருந்து கணிதம் வெளியே போய்விட்டது. பலர், குறிப்பாக மாணவிகள், கணிதத்தை விட்டார்கள். கணித அமைப்புகள் கூச்சல் போட்டன. 2023இல், கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காதவர்களுக்கும் வாரம் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். நான்கே வருடம்.

ஏணிப் பாடங்கள் என் கணக்கில் மூன்று. கணிதம், கோர்வையாக எழுதும் பயிற்சி, அந்நிய மொழி ஒன்று. இயற்பியலும் வேதியியலும் பாதி ஏணி. மற்றவற்றைத் தாராளமாக மாணவர் விருப்பத்துக்கு விடலாம்.

வரலாற்றை அலமாரியில் வைத்ததற்கு அடிக்க வருவார்கள் என்று தெரியும். நீங்கள் சொன்ன அரசர் பட்டியல் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. பட்டியலை எப்போதும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சம்பவத்தைப் பற்றி அன்றைக்கே எழுதிய கடிதம் ஒன்றும், முப்பது வருடம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பு ஒன்றும் முரண்படும்போது, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவர் அங்கே இருந்தாரா என்று கேட்டுப் பழகுவது கைவேலை. அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். நிரல் எழுதும் உங்கள் பையன் நாளைக்கு ஒரு தரவைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான், என்றாலும் நான் முன்பு சொன்னபடி அவை தானாகத் தாவி வராது. தரவை வைத்தும் தனியே பழக்க வேண்டும். பாடங்களின் எண்ணிக்கையை வைத்து விரிவை அளப்பது வீண். நிரூபணம், சோதனை, சான்று, வாசிப்பு, கையால் செய்து பார்ப்பது என்று உண்மையைச் சரிபார்க்கும் வழிகள் எத்தனை பழகியிருக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும். பதினோரு பாடம் வைத்து, பதினொன்றையும் கேள்வி-பதிலாக ஒப்பிக்கவைக்கும் பள்ளியில் பழகும் வழி ஒன்றே ஒன்றுதான்.

சதுரங்கமும் இசையும் வேறு வகை. அங்கே விதி மாறுவதில்லை, தப்பு அந்த நொடியே தெரிந்துவிடும். ஏழு வயதில் தொடங்கி மேலே வராதவர்களை யாரும் எண்ணுவதுமில்லை.

இங்கிலாந்துக்கு வருகிறேன். மூன்று பாடம் குறுகல் என்று அவர்களே கவலைப்பட்டு, 2000இல், பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஏ-லெவலை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வருடம் நான்கைந்து பாடம், அடுத்த வருடம் மூன்று. நடந்தது என்ன? பல்கலைக்கழகங்கள் இடம் கொடுக்கும்போது பழையபடி மூன்று ஏ-லெவல் மதிப்பெண்ணைத்தான் பார்த்தன. நான்காவது பாடம் விட்டுவிடுவதற்காகவே எடுத்த பாடமாயிற்று. 2015 முதல், முதல் வருட மதிப்பெண்ணை ஏ-லெவலோடு சேர்க்கும் பிணைப்பையே படிப்படியாக அறுத்துவிட்டார்கள். பாடத்திட்டக் குழு எதை எழுதினாலும், பள்ளியின் உண்மையான பாடத்திட்டத்தை எழுதுவது அடுத்த படியின் சேர்க்கை விதிதான். சேர்க்கையில் எண்ணாத பாடம் கால அட்டவணையில் மட்டுமே உயிரோடிருக்கும். பொதுக்கல்வி வேண்டும் என்று வாதாடும் என் கட்சிக்காரர்கள் வழக்கமாக மறப்பது இதைத்தான்.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்திலும் துறையை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போடலாம். ஓஃபர் மாலமுட் என்ற பொருளியலாளர் இரண்டையும் ஒப்பிட்டார். படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு மாறியவர்கள், சீக்கிரம் தேர்ந்தெடுத்த இங்கிலாந்துப் பக்கத்தில்தான் அதிகம். அறிவு வற்றவில்லை, ஆனால் அறிவு வீணாகியது.

இன்னொன்று, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதில், பல்கலைக்கழகத்துக்கு, தொழிலுக்கு என்று பள்ளிவகை பிரிகிறது. பத்து வயதில் தேர்ந்தெடுப்பது பிள்ளையல்ல, குடும்பம். பின்லாந்து இந்தப் பிரிவை 1972–77 காலத்தில் 11 வயதிலிருந்து 16க்குத் தள்ளியது. தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் இருந்த பிணைப்பை ஆய்வாளர்கள் அளந்தபோது (பிணைப்பே இல்லையென்றால் 0), 0.30ஆக இருந்தது 0.23ஆகக் குறைந்திருந்தது. நீங்கள் சொல்லும் பதினைந்து அவ்வளவு மோசமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேர்வுரிமை கொடுத்துவிட்டோம் என்று சொல்லும் பள்ளியில் நான் முதலில் பார்ப்பது கால அட்டவணையை. ஒன்பது விருப்பப் பாடங்கள், அதில் ஏதேனும் மூன்று என்று அறிவிக்கிறார்கள். கணக்குப்படி 84 சேர்க்கைகள். ஆனால் ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று மூன்று பாடங்களாக மூன்று கட்டங்கள் போட்டுவிட்டால், கட்டத்துக்கு ஒன்றுதான் எடுக்க முடியும். மூன்றை மூன்று முறை பெருக்கினால் 27. மிச்சம் 57 சேர்க்கைகள் அட்டவணை போட்டவரின் மேசையிலேயே செத்துவிட்டன. இயற்பியலும் இசையும் ஒரே கட்டத்தில் விழுந்தால், அந்த இரண்டையும் விரும்பிய மாணவனுக்கு ‘வாய்ப்பில்லை’ என்று பதில் வரும். வழி இருக்கிறது. கட்டங்களை முதலில் போடாமல், மாணவர்களிடம் விருப்பப் பட்டியலும் மாற்று விருப்பம் ஒன்றும் வாங்கி, எந்த இரண்டு பாடங்கள் அதிகம் சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, அவற்றை வெவ்வேறு கட்டங்களில் வைக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள பாடத்தை இரண்டு கட்டங்களில் நடத்த வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கை இடம் கொடுக்காத சிறிய பள்ளி, ஒன்பது பாடம் என்று விளம்பரம் செய்யாமல் ஐந்தை ஒழுங்காக நடத்தலாம்.

கடைசி இரண்டு வருடத்துக்கு நானே அட்டவணை போட்டால் இப்படிப் போடுவேன். வாரம் 45 நிமிடப் பாடவேளைகள் 40. தேர்ந்தெடுத்த மூன்று பாடங்களுக்குத் தலா 6. கணிதம் அல்லது புள்ளியியல் 4, எழுத்துப் பயிற்சி 4, எதிர்த்துறைப் பாடம் (அறிவியல் எடுத்தவருக்குக் கலைப் பாடம் என்பதுபோல) ஒன்று 4, செய்முறைத் திட்டம் 4, உடற்கல்வி 3, அந்நிய மொழி 3. ஆறு பாடவேளை என்பது நாலரை மணி நேரம். வருடத்துக்கு 36 வாரம் என்றால் இரண்டு வருடத்தில் 324 மணி. பல சர்வதேசப் பள்ளிகள் கடைசி இரண்டு வருடத்தில் நடத்தும் ஐ.பி. டிப்ளமாவில் உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணியும் மற்றவற்றுக்கு 150 மணியும்தான் ஒதுக்குகிறார்கள், அதுவும் ஆறு பாடங்கள் வைத்துக்கொண்டு. ஆழத்துக்கு நேரமில்லை என்ற புகார் இங்கே எழாது.

கணிதத்தையே தேர்ந்தெடுத்தவனுக்கு அந்த நான்கு பாடவேளையைப் புள்ளியியலுக்குக் கொடுங்கள். எதிர்த்துறைப் பாடத்தைப் பாதிக் கனத்தில், தனித் தேர்வுத்தாளோடு நடத்துங்கள். பெரிய பாடத்தைச் சுருக்கிக் கொடுத்தால் வெறும் தலைப்புகளே மிஞ்சும். ஒரு நூற்றாண்டு, ஒரு நிகழ்வு, ஐந்தாறு சான்று ஆவணங்கள் போதும். மாற விரும்புகிறவருக்கு முதல் பருவத்தில் நான்கு வாரம் வரை கேள்வி கேட்காமல் விடுங்கள். அதற்குப் பிறகு என்றால் அலமாரிப் பாடத்துக்குப் படிப்புப் பட்டியல் போதும். ஏணிப் பாடத்துக்கு எந்தப் படி உடைந்திருக்கிறது என்று ஒரு சோதனைத்தாள் வைத்துப் பார்த்து, அந்தப் படியிலிருந்து தனி வகுப்பு நடத்த வேண்டும். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தினால் பத்தாவது நாளில் பையன் வரமாட்டான்.

அந்த நிரல் எழுதும் பையனுக்கு இதன்படி மூன்று பெரிய பாடங்கள் கிடைக்கும். கணினி, கணிதம், மூன்றாவது அவன் விருப்பம். எழுத்துப் பயிற்சியை மட்டும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். தன் நிரல் என்ன செய்கிறது என்று இன்னொருவருக்குப் புரியும்படி இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே அவன் எழுந்துபோய் நிரலில் எதையாவது திருத்துவான்.