ஆப்பசோடா மாத்திரையும் மாமியார் வைத்தியமும்

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்க பர்மாவுல மோல்மீன். பையனுக்கு நாலு வயசு, ஆனா பாத்தா ரெண்டு வயசுதான் சொல்லுவாங்க, எந்நேரமும் தண்ணி கேக்குறான், ராத்திரி அஞ்சு தடவ ஒண்ணுக்குப் போறான். ரங்கூன்ல காட்டினோம், டிஸ்டல் ஆர்டிஏ (கிட்னிக் குழாய் அமிலத்தைத் தள்ளாத நோய்), ரத்தத்துல அமிலம் ஏறிப்போச்சுன்னு சோடா மாத்திரையும் பொட்டாசியம் டானிக்கும் குடுத்தாங்க. மாமியார் என்னடான்னா அது வெறும் ஆப்பசோடாதான், புளியை நிப்பாட்டு போதும்ங்கிறாங்க. ரிப்போர்ட்ல கிரியேட்டினின் நார்மல்னு வேற இருக்கு. அப்ப கிட்னி நல்லாத்தானே இருக்கு?

பதில்: மாமியார் சொன்னதுல பாதி நிஜம்தாம்மா, ரெண்டும் சோடியம் பைகார்பனேட்தான். ஆனா புளி மேல பழி போடாதீங்க, இந்த அமிலம் வயித்துப் புளிப்பு இல்ல. நாம சாப்பிடுற புரதம் செரிக்கும்போது தினமும் உடம்புல கொஞ்சம் அமிலம் சேரும், அதை ஒண்ணுக்குல தள்ளிவிடுறது கிட்னியோட வேலை. கழிவை வடிகட்டுற வேலை வேற, கிரியேட்டினின் காட்டுறது அதை மட்டும்தான். உங்க பையனுக்கு வடிகட்டி நல்லாருக்கு, அமிலம் தள்ளுற கடைசிக் குழாய்தான் மக்கர் பண்ணுது, ரத்தம் எவ்வளவு புளிச்சாலும் மூத்திரத்தோட பி.எச் (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழ இறங்காது. தேங்குன அமிலத்தைச் சமாளிக்க உடம்பு எலும்பைக் கரைக்கும், அதான் வளர்த்தி நின்னுபோச்சு, கரைஞ்ச கால்சியம் கிட்னியில போய்ப் படியும், கல்லாவும் ஆகும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க. எலுமிச்சை குடுக்கலாம், அதுல இருக்குற சிட்ரேட் உடம்புக்குள்ள போனா காரமாத்தான் மாறும் (கேக்க வேடிக்கையா இருக்கும்). ங்காப்பியை (உப்பு மீன் விழுது) குறைங்க, உப்பு கூடுனா மூத்திரத்துல கால்சியமும் கூடப் போகும்.

அடுக்களை சோடா மட்டும் வேண்டாம். கரண்டி அளவு நாளுக்கு நாள் மாறும், இவனுக்கு எடைக்கு ஏத்த அளவு வேணும், வளர வளர டோஸையும் கூட்டணும். பொட்டாசியம் டானிக்கை விட்டுட்டு சோடாவை மட்டும் குடுத்தீங்கன்னா இருக்குற பொட்டாசியமும் இறங்கி கைகால் துவண்டுபோயிடும், இது பயமுறுத்த சொல்லல, நடக்குறதுதான். ஒழுங்கா குடுத்தா ஒண்ணு ரெண்டு வருஷத்துல உயரம் நல்லாவே எட்டிப் பிடிக்கும்.

காது டெஸ்ட் பண்ணுங்க, சில ஜீன் கோளாறுல காதும் சேர்ந்து மந்தமாகும். தாய்லாந்து, மலேசியா பக்கம் இன்னொரு வகை உண்டு, அதுல காது நல்லாருக்கும், ரத்தசோகை வரும், அதனால ரத்தமும் பாத்துக்கோங்க. நீங்க சொந்தத்துல கட்டிக்கிட்டவங்கன்னா கைக்குழந்தை இருந்தா அதையும் காட்டுங்க.

வாந்தி பேதி வந்துட்டா வீட்டுல கஷாயம் வச்சுக்கிட்டு இருக்காதீங்க, பேதியில சோடாவும் பொட்டாசியமும் சேர்ந்து போகும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, மருந்துச் சீட்டும் கையில இருக்கட்டும்.