ஜன்னலைத் திற, சம்பளத்தைப் பிடிக்காதே: டாக்டர் பதில்கள்

கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை அடுத்த வாரம் முதல் வரச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் 74 வயது மாமியார், சர்க்கரை நோயாளி. என் கணவர் ஒரு பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்: வாசலில் கிருமிநாசினி தெளிப்பது, உடை மாற்றுவது, கையுறை, தலைக்கு உறை, அவர் தொட்டதையெல்லாம் துடைப்பது. இவ்வளவும் வேண்டுமா டாக்டர்?

பட்டியலில் முதல் வரியை முதலில் அடித்துவிடுங்கள். மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. கண் எரியும், தோல் அரிக்கும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பு வரும். ஒருவேளை அவருக்குத் தொற்று இருந்தாலும் கிருமி இருப்பது மூக்கிலும் தொண்டையிலும்தான், புடவை மேல் தெளித்து அதை ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, வேலைக்கு வந்த மனுஷியை வாசலில் நிறுத்தி மருந்து அடிப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இந்த நோய் முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. பேசும்போது, இருமும்போது, சும்மா மூச்சு விடும்போதுகூட வெளியே வரும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும், மிகச் சின்னவை மூடிய அறையில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். தொட்ட பொருள் வழியாக வரவே வராது என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு. அதனால் கதவுக் கைப்பிடியைத் துடைக்கச் செலவிடும் கவலையில் பாதியையாவது ஜன்னலுக்குக் கொடுங்கள். அவர் வருவதற்கு முன்பே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், சமையலறை எக்ஸாஸ்ட் ஓடட்டும், ஏசி போட்டு அறையை மூடி வைக்க வேண்டாம், அவர் போன பிறகும் அரை மணி நேரமாவது ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது முகக்கவசம். அவர் மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்ய, நீங்கள் வெறும் முகத்தோடு பக்கத்தில் நின்று "அங்கே தூசி இருக்கு பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அர்த்தமே இல்லை. வீட்டில் இருக்கிற எல்லோரும் அந்த நேரம் போட வேண்டும். உங்களிடமிருந்து அவருக்குப் போவதும் அதே வழியில்தான். வேலை செய்தால் வியர்க்கும், பாத்திரம் தேய்த்தால் தண்ணீர் தெறிக்கும், நனைந்த கவசம் சரியாக வேலை செய்யாது, மூச்சு விடவும் கஷ்டம். எனவே வீட்டில் கூடுதலாக இரண்டு மூன்று சுத்தமான கவசங்களை அவருக்கென்றே வைத்திருங்கள். அவர் தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் மூச்சு வாங்கவும் பால்கனியோ திறந்த ஜன்னல் ஓரமோ ஒதுக்கிக் கொடுங்கள். கவசத்தைக் கழற்றுவது அந்த நேரத்தில்தான், அப்போது மற்றவர்கள் தள்ளி இருந்தால் போதும்.

மாமியாரைப் பற்றி: அவர் அறையைக் கடைசியாகச் சுத்தம் செய்யாமல் முதலில் செய்யச் சொல்லுங்கள், அந்த நேரம் மாமியார் வேறு இடத்தில் இருக்கட்டும், அறை நன்றாகக் காற்றோடிய பிறகு திரும்பிப் போகட்டும். அந்த ஒரு அறையை மட்டும் வீட்டுக்காரர்களே பெருக்கித் துடைத்துக்கொள்ள முடியுமானால் அதைவிட நல்லது (உங்கள் கணவருக்குத்தான் இதில் இவ்வளவு அக்கறை இருக்கிறதே, அவரிடமே கொடுங்கள்).

கையுறை வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு மூக்கைத் தொட்டால் வெறும் கையால் தொட்டதற்குச் சமம்தான், போட்டவர் கை கழுவ மறந்தும் போவார். ப்ளீச் கையாளும்போது மட்டும் ரப்பர் கையுறை நல்லது, அது தோலுக்காக. வந்தவுடனும் கிளம்பும்போதும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவட்டும், துடைக்கத் தனித் துண்டு கொடுங்கள். சோப்பு இருக்கும் இடத்தில் சானிடைசர் தேவையில்லை. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குங்கள், கையில் தேய்த்தது முழுக்கக் காயும் முன் அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது தீப்பிடிக்கும். உடை மாற்றுவது அவர் விருப்பம். மாற்றுவதானால் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுங்கள், கட்டாயப்படுத்த ஒன்றுமில்லை.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி வைத்திருக்கிறோம். வேலைக்கு வருபவரைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். போதும்தானே?

போதாது. தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம், பலருக்கு 3 முதல் 5 நாளுக்குள் தெரியும். ஆனால் அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும், சிலருக்கு அறிகுறியே வராது. இவர்களில் யாரையும் உங்கள் கருவி பிடிக்காது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாலும் பிடிக்காது. அவர் ஏன் மாத்திரை போட்டுக்கொண்டு வரப் போகிறார் என்றால், வராத நாளுக்கு நீங்கள் சம்பளம் பிடிப்பீர்கள் என்பதால். "உடம்பு சரியில்லை என்றால் போன் பண்ணுங்கள், வர வேண்டாம், சம்பளம் குறையாது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் பரிசோதனை எதுவும் வீட்டு வாசலில் செய்ய முடியாது.

தரை துடைக்க ப்ளீச் பயன்படுத்துகிறோம். இன்னும் நன்றாகக் கிருமி சாகட்டும் என்று வேலைக்கு வருபவர் அதோடு டாய்லெட் கிளீனரையும் கலந்துவிட்டார். குளியலறையே நெடி தாங்க முடியவில்லை. ஆபத்தா?

ஆபத்துதான், இனி ஒருபோதும் வேண்டாம். டாய்லெட் கிளீனர் பெரும்பாலும் அமிலம். ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும். வினிகரோடும் அப்படித்தான். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் இன்னொரு வகை நச்சு வாயு. இப்படி நெடி வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், இருமலோ மூச்சுத் திணறலோ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும், அதாவது 0.1 சதவீதக் கரைசல். சாதாரணத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் வேண்டாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் எடுத்துவிட்டு அப்புறம் இதைத் தடவி ஒரு நிமிடமாவது ஈரமாக விட வேண்டும், உடனே துடைத்துவிட்டால் பலன் இல்லை. இதுவும் அடிக்கடி கை படும் கைப்பிடி, சுவிட்ச், குழாய் போன்ற இடங்களுக்குத்தான். வீட்டில் யாருக்கும் தொற்று இல்லாதபோது தரைக்கு சோப்புத் தண்ணீரே தாராளம். பாத்திரத்துக்கும் துணிக்கும்கூட வழக்கமான சோப்பு போதும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சோப்பு அதையும் கரைத்துவிடும்.

என் அம்மா மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். ஒரு வீட்டில் லிஃப்டில் ஏற விடுவதில்லை, இன்னொரு வீட்டில் கழிப்பறை பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் எல்லோருக்கும் இருமல், கேட்டதற்கு "சளிதான்" என்றார்கள். அம்மாவுக்கு 56 வயது, ரத்த அழுத்தம் உண்டு. வேலையையும் விட முடியாது. என்ன செய்வது சார்?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது "அவரிடமிருந்து எங்களுக்கு வருமா" என்றுதான் கேட்கின்றன. உங்கள் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இந்தக் கணக்கில் அதிக ஆபத்தில் இருப்பது உங்கள் அம்மாதான். மூன்று வீட்டுக் காற்றையும் அவர் சுவாசிக்கிறார், அந்த வீடுகளில் யார் யாரைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

இருமல் இருந்த வீட்டிலிருந்து தொடங்குவோம். அவர்கள் பரிசோதனை செய்து முடிவு சொல்லும் வரை அம்மா அங்கே போக வேண்டாம். அம்மா நேரில் சொல்லத் தயங்கினால் நீங்கள் போனில் பேசுங்கள்: "அம்மா இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகிறார், உங்கள் ரிசல்ட் தெரியாமல் வந்தால் அங்கேயும் பரவும், தெரிந்ததும் வருவார்." இதை மறுத்துப் பேசுவது யாருக்கும் கஷ்டம். அம்மாவுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், மணம் தெரியாமை, அசாதாரணச் சோர்வு எது வந்தாலும் உடனே பரிசோதனை. அதுவரை மற்ற வீடுகளுக்கும் லீவு.

கழிப்பறை கூடாது என்பது மருத்துவக் காரணமே இல்லாத ஒன்று. மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு, அதற்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர்த் தொற்று வரும். பயன்படுத்திய பின் மூடியை மூடி ஃப்ளஷ் செய்து, கை கழுவினால் எந்த வீட்டுக்கும் கெடுதல் இல்லை. லிஃப்டும் அப்படித்தான்: கவசத்தோடு தனியாக ஏறுகிறவரால் யாருக்கு என்ன வந்துவிடும்? ரத்த அழுத்தம் உள்ளவரை மாடிப்படி ஏற வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறதே, தொற்றாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அம்மா தன் பக்கம் செய்ய வேண்டியது: மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடும் கவசம், ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறாக. துணிக் கவசம் என்றால் மூன்று அடுக்கு, தினமும் துவைத்துக் காயவைத்தது. உள்ளே போனதும் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்கட்டும், "டாக்டர் சொன்னார்" என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ரத்த அழுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாயிற்று, எங்களுக்கும் வேலைக்கு வருபவருக்கும். இனி கவசம் வேண்டாம்தானே?

இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் நோய் முற்றி மருத்துவமனைக்குப் போகும் ஆபத்து நிறையக் குறைந்திருக்கும். ஆனால் தொற்று வருவதையோ பரவுவதையோ அது முழுக்கத் தடுப்பதில்லை. ஊரில் தொற்று அதிகமாக இருக்கும்வரை, அதிலும் வீட்டில் வயதானவர் இருந்தால், அவர் வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமாவது இரு தரப்பும் கவசம் போடுங்கள். மற்ற வீடுகளில் வேலைக்கு வருபவர் இன்னும் ஊசி போடவில்லை என்றால் போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுங்கள், மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது சகஜம்.