கால் விரலைத் தொட முடியவில்லை... ரத்தக்குழாயும் விறைத்துவிட்டதா?

கேள்வி: வயது 61. பி.பி. 150/76. ரத்தக்குழாய் விறைத்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனால் குனிந்து கால் விரலைத் தொட முடியவில்லை. “உடம்பு வளையாதவனுக்கு ரத்தக்குழாயும் வளையாது” என்கிறார் நண்பர். நிஜமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நண்பர் சொல்வதில் பாதி நிஜம். 2009இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில், 20 முதல் 83 வயது வரையிலான 526 பேரைக் காலை நீட்டி உட்காரவைத்து, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளந்தார்கள். 40 வயதைத் தாண்டியவர்களில் உடம்பு வளையாதவர்களுக்கு ரத்தக்குழாயும் விறைப்பாக இருந்தது. இளைஞர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் இதற்கு அர்த்தம். குனிந்து பழகினால் குழாய் இளகிவிடும் என்பதல்ல. தொப்பை இடித்தாலும் விரல் எட்டாதே!

உங்கள் கடிதத்தில் நான் கவனித்தது 76ஐத்தான். 150இலிருந்து அதைக் கழித்தால் 74. வயதானவர்களுக்கு இந்த இடைவெளி 60ஐத் தாண்டினால் பெருந்தமனி விறைத்திருப்பதன் அடையாளம். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது அந்தக் குழாய் ரப்பர் போல விரிந்து, பிறகு சுருங்கித் தானும் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும். வயதாக ஆக ரப்பர் போன்ற எலாஸ்டின் இழைகள் நைந்துபோய், முரட்டு கொலாஜன் கூடிவிடுகிறது. அதனால்தான் மேல் அளவு ஏறுகிறது, கீழ் அளவு இறங்குகிறது. ‘கீழ் பி.பி. நார்மல்’ என்று நிம்மதி அடைய வேண்டாம்.

நடையை விடாதீர்கள், வேகத்தை மாற்றுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டே உலாத்துவது கணக்கில் வராது. அரை மணியை மெல்ல 40 நிமிடமாக்கி, வாரம் ஐந்து நாள் நடங்கள். நடுத்தர வயதைக் கடந்த ஆண்களை ஏறக்குறைய இப்படியே நடக்கவைத்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடை குறையாமலேயே மூன்று மாதத்தில் கழுத்துத் தமனி இளகியது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும்.

நடந்து முடித்ததும், காலை நீட்டி உட்கார்ந்து மூச்சை விட்டபடி குனிந்து 20 விநாடி இருங்கள். எம்பிக் குனிய வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்கினாலும் டம்பெல்ஸ் தூக்கினாலும் மூச்சை அடக்காதீர்கள். அந்த நேரத்தில் பி.பி. தாறுமாறாக எகிறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு அடங்காது.

அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவரானால், கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். மாத்திரை துடிப்பை ஏறவிடாது. பேச்சுச் சோதனையே போதும்.

பி.பி.யைக் காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். நடந்து வந்த கையோடு பார்த்தால் அளவு குறைத்துக் காட்டக்கூடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கெண்டைக்கால் வலித்து, நின்றதும் விட்டுவிட்டால், அது வெறும் தசைப்பிடிப்பாக இல்லாமல் கால் தமனியில் அடைப்பாகவும் இருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.