ஜிக்ஜாக் தையல் மெஷின் கியருக்குக் கிரீஸ் மாற்றணுமா? – பதில்

20 வருடம் ஓடிய அம்மாவின் ஜிக்ஜாக் மெஷின் இறுகிப்போய் மோட்டார் முனகுகிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை, கியரில் கிரீஸ் மாற்றணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக மாற்றுங்கள். ஆயுசுக்கும் போதும் என்று கம்பெனியில் வைத்த கிரீஸும் கெட்டுப்போகும், ஏனென்றால் கிரீஸ் என்பது ஒருவகை சோப்புக்குள் பிடித்துவைத்த எண்ணெய்தான், வருடக்கணக்கில் அந்த எண்ணெய் பிரிந்து கசிந்துவிட்டால் மிச்சமிருப்பது மெழுகு போல இறுகி, கியர் பல்லை விட்டு ஒதுங்கி நிற்கும். தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டி வீடு என்கிறீர்கள், உப்புக்காற்றில் காய்ந்த இரும்புப் பல் சீக்கிரம் துருப்பிடிக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சாய்த்து அடிமூடியைக் கழற்றி, பழையதை மரக்குச்சியாலும் பழைய பிரஷ்ஷாலும் முழுக்கச் சுரண்டி எடுங்கள், அதன் மேலேயே புதுசைப் பூசினால் பிரயோஜனமில்லை. வெள்ளை லித்தியம் கிரீஸ், பல்லில் மட்டும், மெல்லிசாக. நைலான் கியர் என்றால் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். பெல்ட்டில் படவே கூடாது. அப்புறம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்குப் பிடித்து மறுபடி இறுகும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, லேசாகச் சுற்றினால் பிறகு மோட்டாரைப் போடுங்கள். பல் உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் கிரீஸ் உதவாது, கியரையே மாற்றணும்.